கழுவாமல் கொண்டுபோன வண்டி

அன்று பட்டறை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தங்கை, என் தம்பி, தங்கையின் கொழுந்தனார், பட்டறைக்காரர். இவர்களைத் தவிர வேறு யாராவது "நானும் அங்கேதான் இருந்தேன்" என்று சொன்னால், அவர் தெருவோடு போனவர். போகிற போக்கில் எட்டிப் பார்த்தவர். எட்டிப் பார்த்தவர்களை நான் சாட்சியாக வைத்துக்கொள்வதில்லை.

கொழுந்தனார் என்று நான் சொல்வது, காலமான என் தங்கை கணவரின் தம்பியை. அவருக்கு ஊரில் மேனேஜர் என்று பெயர். நாற்காலி, மேசை விற்கிற கடை அவருடைய சொந்தக் கடைதான். ஆனால் உடைந்த நாற்காலியோடு யாராவது சண்டைக்கு வந்தால், "முதலாளி வெளிய போயிருக்கார், நான் மேனேஜர்" என்பார். சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. தன் கடைக்குத் தானே முதலாளி என்று சொல்லத் தைரியமில்லாத ஒருவர், என் தங்கையின் வாழ்க்கைக்கு முதலாளியாக வரப் பார்த்தார். விஷயம் அவ்வளவுதான்.

பட்டறைக்காரரை எல்லோரும் பார்ட்ஸ் என்பார்கள். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "பார்ட்ஸ் மாத்தணும்" என்பார். கதவு கிறீச்சிட்டாலும் அதே வைத்தியம்தான்.

என் தம்பி கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பாடம் நடத்திய காலத்தில் வாயைத் திறக்காதவன், இப்போது கைப்பேசியில் படம் பார்த்துப் பார்த்து உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்துக்கும் வைத்தியம் சொல்கிறான். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். தட்டிக் கேட்க நான் இருந்தும் இவன் அப்படித்தான்.

வண்டி எங்கள் அப்பா வாங்கிய கார். பெட்ரோலில் ஓடுவது; கார்ப்ரேட்டர் வைத்த காலத்து வண்டி. அதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார். கணவர் போனபிறகு அவள் அதை வைத்துக்கொண்டு ஒரு வேலை பிடித்தாள். சிறுநீரகம் பழுதாகி, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்துகொள்ள வேண்டியவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். ஆஸ்பத்திரி வண்டிப் பிரிவில் அவள் பெயர் பதிவாகியிருந்தது. யாருக்கும் தலை குனியாமல் சாப்பிட்டாள். அப்பாவின் மகள் அப்படித்தான் இருப்பாள்.

பிறகு வண்டிக்கு அந்த வியாதி வந்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். ஓடும்போதும் குறையில்லை. ஓடிச் சூடேறிய பிறகு அணைத்துவிட்டால் போதும், மறுபடி கிளம்பாது. செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சூடு ஆறுகிற வரைக்கும் காத்திருந்தால் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பும்.

எங்கள் வீட்டு வண்டி தெருவில் நின்றது என்ற பேச்சு வரக் கூடாது. அது அப்பா காலத்து ஒழுங்கு. ஆகவே அது நிற்கிற இடத்தில் பானெட்டைத் திறக்க மாட்டோம். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, யாருக்கோ காத்திருப்பவர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். ஒரு தடவை மருந்துக் கடை வாசலில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர் இரக்கப்பட்டு, "யாரும்மா வரணும்?" என்று கேட்டார். "வர வேண்டியவங்க வருவாங்க" என்றேன். அதோடு அவர் உள்ளே போய்விட்டார்.

பட்டறைக்குக் கொண்டுபோவதானால் முதல் நாளே கழுவித் துடைத்து, அதிகாலையில் வெயில் ஏறுவதற்கு முன் கொண்டுபோவோம். அழுக்கு வண்டியை அந்நியர் முன்னால் நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பார்ட்ஸ் சாவியைத் திருப்புவார். உடனே கிளம்பும். "நல்லாத்தானேம்மா இருக்கு?" என்பார். சொல்லிவிட்டு பேட்டரியை மாற்றினார். அடுத்த தடவை செல்ஃப் மோட்டார். அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். நோய் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டவரில்லை. ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். நோயாளியைக் கேள்வி கேட்காமல் மருந்து எழுதுகிறவர்களை அங்கேயும் பார்த்திருக்கிறேன். அவர்களாவது வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்கள்.

இதற்கிடையில் தங்கை இரண்டு தடவை நோயாளிகளை ஆஸ்பத்திரி வாசலில் காக்க வைத்துவிட்டாள். வண்டிப் பிரிவு அம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி போட்டுக்குவோம்."

இது எப்படியோ மேனேஜர் காதுக்குப் போயிற்று. மறுநாளே வீட்டுக்கு வந்து, தான் விற்ற நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அது ஆடியது.

"அண்ணி, எதுக்கு இந்தப் பாடு? இந்தத் தகர டப்பாவ பழைய இரும்புக்குப் போட்டுடுவோம். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான், போன் போட்டா வந்து தூக்கிட்டுப் போயிடுவான். நீங்க நம்ம கடை கல்லாவுல வந்து உக்காருங்க. ஃபேன் காத்து, நிழல்."

"யார் கடை?" என்றேன் நான்.

"நம்ம கடைதான், பெரியக்கா."

"முதலாளி ஊர்ல இருக்காரா?"

அவர் நாற்காலியின் காலைக் குனிந்து பார்த்தார். ஆனால் தங்கையும் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் அந்தக் கல்லாவைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. அந்த மனிதர் முன்னால் அவள் காலையில் எழுந்து நிற்க வேண்டும். விடுப்புக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் "நம்ம அண்ணிதான், பாவம், வெச்சுக் காப்பாத்தறேன்" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சில்லறை எண்ண வேண்டும்.

"சரி" என்றேன். "பட்டறையில எல்லார் முன்னாடியும் வண்டிக்கு என்ன கேடுன்னு உங்க பார்ட்ஸ் சொல்லட்டும். தீராத நோய்தான்னு தெரிஞ்சா, போனைப் போடுங்க. காரணம் தெரியாம எங்க அப்பா வண்டியைப் பொணமாக்க விடமாட்டேன்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பார்ட்ஸ் அவருடைய சிநேகிதர்.

அவர் போனதும் வாளியையும் துணியையும் எடுக்கச் சொன்னேன். தங்கை அசையவில்லை.

"அக்கா, இந்தத் தடவை கழுவ வேணாம்."

"ஏன்?"

"கழுவி, ஆற வெச்சு, குளிர குளிரக் கொண்டு போனா அது அங்க நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு தையல்காரரை ஆஸ்பத்திரியில விட்டதும் வண்டிய அணைக்காம, ஊரைச் சுத்திட்டு, சூட்டோட பட்டறைக்குப் போறேன். அங்கயே அணைக்கிறேன். நிக்கட்டும்."

"கடைத்தெரு நடுவுல, பானெட்டைத் திறந்து போட்டுக்கிட்டா? ஊரே பாக்குமேடி."

"பாக்கட்டுமே. கல்லாவுல உக்காந்தா மட்டும் பாக்காதா?"

வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் தையல்காரரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம். தங்கை வழக்கமாக அழைத்துப் போகிற நோயாளி அவர். சட்டை தைப்பதை நிறுத்தி வெகுகாலமாயிற்று, ஆனாலும் எதிரில் இருப்பவரின் காலரைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். "மதியம் நான் வெளிய வர்றப்போ இருப்பியாம்மா?" என்றார். "இருப்பேன்" என்றாள் தங்கை. வண்டிப் பிரிவு அம்மாள் கதவருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வண்டியை அணைக்காமலே ஊரைச் சுற்றினோம். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். வெயில் கூரையை வறுத்தது. பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது வண்டி முழுக்கப் புழுதி. பின் கண்ணாடியில் யாரோ விரலால் கோடு இழுத்திருந்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. நிமிர்ந்தே இறங்கினேன்.

தம்பி முன்பே வந்து சட்டைப்பை புடைக்க நின்றான். மேனேஜர் தன் காருக்கு முன்னால், கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரும்புக்காரனின் எண் அதில் தயாராக இருந்திருக்கும்.

தங்கை எஞ்சினை அணைத்தாள். சற்றுப் பொறுத்துத் திருப்பினாள். செல்ஃப் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் ஊமையாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர், குழந்தை பிறந்த வீட்டில் சேதி சொல்பவரைப் போல.

பார்ட்ஸ் பானெட்டைத் தூக்கினார். உள்ளே குனியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "இன்ஜின் போச்சும்மா. இறக்கணும். இறக்கினா எல்லா பார்ட்ஸும் மாத்தணும். அதுக்கு இரும்புக்கே போட்டுடலாம்" என்றார்.

"எதைப் பாத்துச் சொல்றீங்க?"

"அனுபவம்மா."

"அனுபவத்துக்குக் கண்ணு இருக்குமே, அது எங்க பாத்துச்சு?"

இதற்குள் தம்பி முன்னே வந்தான். "இது பெட்ரோல் ஆவியாகற கேஸ் அக்கா. சூட்டுல குழாய்க்குள்ளயே ஆவியாயிடும், அப்புறம் ஏறாது. வெளிநாட்டுல ஒரு ஆளு காட்டினான். மரக் கிளிப்ப குழாய்ல வரிசையா மாட்டினா சூட்டை இழுத்துக்கும்." சட்டைப்பையைத் திறந்தான். வீட்டுக் கொடியில் இருந்த துணி கிளிப்புகள் அத்தனையும் அதற்குள் இருந்தன.

"டேய், அப்ப காயப்போட்ட துணியெல்லாம்?"

"அது... கொடியிலதான் இருக்கு. காத்து இல்லாம இருந்தா..."

மாட்டினான். பெட்ரோல் குழாய் முழுக்கக் கிளிப். சடை பின்னி விட்டது போல வண்டி நின்றது. தெருவோடு போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். தங்கை திருப்பிப் பார்த்தாள். கிளம்பவில்லை. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார்.

"போன் போடட்டுமா, பெரியக்கா?"

"போன் எங்கயும் ஓடிப் போகாது" என்றேன். பார்ட்ஸ் பக்கம் திரும்பினேன். "ஜுரம் அடிக்கிற நேரத்துல நோயாளி உங்க முன்னாடி படுத்திருக்கு. இத்தனை நாள் கேட்டீங்களே, நல்லாத்தானே இருக்குன்னு. இப்ப நல்லா இல்ல. பாருங்க. பெட்ரோல் வருதா, வரலையா? முதல்ல அதச் சொல்லுங்க."

அவருக்குக் கோபம். ஆனால் தெருவில் நாலு பேர் நின்றுவிட்ட பிறகு தெரியாது என்று சொல்ல முடியவில்லை. முனகிக்கொண்டே எஞ்சினிலிருந்து ஒரு பிளக்கைக் கழற்றினார். தங்கை அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஈரமா இருக்கு. பெட்ரோல் வாசனை தூக்குது. அப்ப பெட்ரோல் வருது."

"வருதுதான்" என்றார் பார்ட்ஸ், ஏதோ அவர் வீட்டுப் பெட்ரோல் போல.

தம்பி சத்தமில்லாமல் ஒரு கிளிப்பை எடுத்துப் பையில் போட்டான்.

"பெட்ரோல் இருந்தும் பத்திக்கல. நெருப்பு வருதான்னு பாருங்க" என்றாள் தங்கை.

பார்ட்ஸ் பிளக்கை ஒயரோடு சேர்த்து, கார்ப்ரேட்டருக்கு எட்டாத தூரத்தில் எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்தார். அவள் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினாள். பிளக் நுனியில் நீலப் பொறி தெறிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். இருட்டாக இருந்தது.

"கரண்ட் வரல" என்றார் பார்ட்ஸ். இந்த முறை பார்த்துச் சொன்னார். முதல் தடவையாக அந்த வண்டியைப் பற்றி அவர் வாயில் ஓர் உண்மை வந்தது.

"கரண்டு எங்கேருந்து வரணும்?"

"காயில்லேர்ந்து." விரலால் காட்டினார். கையடக்கமான ஓர் உருளை டப்பா. பேட்டரியின் மின்சாரத்தைப் பெருக்கி பிளக்குக்கு அனுப்புவது அதுதான். காட்டின விரல் அதில் பட்டுவிட்டது. "ஸ்ஸ்" என்று கையை உதறினார். "நெருப்பு மாதிரி கொதிக்குது! அது கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்மா. அதனால ஒண்ணும் சொல்ல முடியாது."

தங்கை அந்த டப்பாவுக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்தாள்.

"எப்பவும் மொத்த வண்டியும் ஆற வரைக்கும் காத்திருந்தோம். ஆறினா எது சரியாச்சுன்னு யாருக்குத் தெரியும்? இப்ப இது ஒண்ண மட்டும் ஆற வெப்போம். மத்ததெல்லாம் கொதிக்கட்டும். கிளம்பினா கேடு இதுலதான்."

நான் அவளைப் பார்த்தேன். அப்பாவின் மூக்கு அவளுக்கு மட்டும்தான் வந்தது. மூளையும் அவளுக்குத்தான் வந்திருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர் முன்னால் சொல்ல வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

என் கைக்குட்டையைக் குடிக்கும் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து கொடுத்தேன். மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டை. தங்கை அதைக் காயில்மேல் சுற்றினாள். ஆவி எழுந்தது. மறுபடி நனைத்தோம், மறுபடி சுற்றினோம்.

"வண்டிக்குப் பத்துப் போடறாங்கப்பா" என்றான் தெருவில் நின்ற ஒருவன்.

"உனக்கும் போடணுமா?" என்றேன். நகர்ந்துவிட்டான்.

காயிலைத் தொட முடிகிற அளவுக்கு ஆறியதும் பிளக்கை மாட்டச் சொன்னோம். எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதன் சூடு என் முழங்கை வரைக்கும் வந்தது. தங்கை ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு முறை தும்மியது. பிறகு பிடித்துக்கொண்டது.

மேனேஜர் கைப்பேசியைப் பார்த்தார். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"தற்செயலா இருக்கும்" என்றார் பார்ட்ஸ். "அதுக்குள்ள ஆறியிருக்கும்."

"இன்னொரு தடவை தற்செயல் நடக்குதான்னு பாத்துடலாம்" என்றேன். கைக்குட்டையை எடுத்துவிட்டோம். வண்டியை நின்ற இடத்திலேயே ஓட விட்டோம். காயில் மறுபடி கொதித்ததும் அணைத்தாள், திருப்பினாள். ஊமை. கைக்குட்டையைச் சுற்றினோம். கிளம்பியது. அதற்குப் பிறகு தற்செயல் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

"காயில் போயிருக்கு" என்றார் பார்ட்ஸ், தானே கண்டுபிடித்தவரைப் போல. "உள்ளே கம்பிச் சுருள் இருக்கும்மா. பழசானா சூட்டுல விட்டுடும், ஆறினா ஒட்டிக்கும். பார்ட்ஸ் மாத்தணும்."

ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் ஒரே பதிலைச் சொன்னால் ஏதாவது ஒரு நாள் அது சரியாகத்தான் போகும்.

அவரிடம் புதுக் காயில் இல்லை. கடைத்தெருவின் அந்தக் கோடியில் உதிரிபாகக் கடை. தையல்காரர் வெளியே வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. சும்மா இருந்தது மேனேஜரும் அவர் காரும்தான்.

"மேனேஜர், போன் போடற வேலை இனி இல்ல. அண்ணியைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

"நானா? பெரியக்கா, எனக்குக் கடையில..."

"கடையில முதலாளி பாத்துக்குவார்."

தெருவில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் காரின் கதவைத் திறந்தார். தங்கை பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே பின்னால்தான் உட்கார்ந்தாள். மேனேஜர் ஓட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது காயில் டப்பா அவள் மடியில் இருந்தது. பார்ட்ஸ் மாட்டினார். மாட்டும்போது மட்டும் அவர் கையில் வேலை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடவிட்டு, கொதிக்கவிட்டு, அணைத்து, திருப்பினோம். கிளம்பியது. மறுபடியும். மறுபடியும் கிளம்பியது. வண்டியைக் கழுவிக்கொண்டு போகலாமா என்று தம்பி கேட்டான். நேரமில்லை என்றேன். புழுதியோடேயே போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் தையல்காரர் சக்கர நாற்காலியில் வெளியே வந்துகொண்டிருந்தார். சோர்ந்திருந்தார். வண்டிப் பிரிவு அம்மாள் அவர் பின்னால் வந்து, வண்டியின் புழுதியை மேலும் கீழும் பார்த்தாள்.

இத்தனை நாளும் அந்த வாசலில் தங்கை எஞ்சினை அணைக்கவே பயப்படுவாள். ஓடவிட்டபடியே ஏற்றுவாள். அன்றைக்கு அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பி அணைத்தாள். இறங்கி வந்தாள். கதவைத் திறந்து, தையல்காரரின் கையைப் பிடித்து உட்கார வைத்து, போர்வையைக் காலில் இழுத்துவிட்டாள். அவசரப்படவில்லை. நான் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எஞ்சினின் சூடு கால் வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

"கிளம்புமா?" என்றாள் அந்த அம்மாள்.

தங்கை உட்கார்ந்தாள், திருப்பினாள். முதல் திருப்பலிலேயே கிளம்பியது.

"வர்ற வாரமும் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போனாள். மன்னிப்பு, பாராட்டு ஒன்றும் கிடையாது. தேவையும் இல்லை.

"வண்டி ரொம்ப அழுக்கா இருக்கேம்மா" என்றார் தையல்காரர், கண்ணை மூடியபடியே.

"இன்னிக்கு மட்டும்தான்" என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. என் தங்கைதான் ஓட்டுகிறாள். அந்தக் கல்லாவில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் காயிலைத் தன் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்ததாகவும், அண்ணியின் பிழைப்பைத் தான்தான் காப்பாற்றியதாகவும் மேனேஜர் தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அது உண்மையில்லை. காயிலை வாங்கியது என் தங்கை. அவர் கார் ஓட்டினார்.